மத்தியான வெயிலில் சுடவையுங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. லண்டன் வீட்டில் இருந்த காஸ் பொயிலரைக் கழற்றிவிட்டு மின்சார ஹீற் பம்ப் பூட்டியிருக்கிறீர்கள். இங்கே காரைநகர் களபூமியில் உங்கள் அம்மா தனியே இருக்கும் வீட்டிலும் அப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா காஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்தப் பானையைக் குசினியிலிருந்து குளிக்கிற இடம்வரை தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்பதை வாசித்தபோது உங்களுக்கு வந்த பயம் எனக்கும் வந்தது. குளியலறைச் சுவரில் காஸ் ஹீற்றர் ஒன்றைப் பூட்டினால் போதும் என்கிறார் உங்கள் மச்சான். கரண்டில்தான் செய்ய வேண்டும் என்கிறீர்கள் நீங்கள். இதே கேள்வி ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதால், பதிலை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதுதான் சரி. மின்சாரத்துக்கு மாறுங்கள். ஆனால் லண்டனில் பூட்டியதைப் பார்த்து இங்கே பூட்ட வேண்டாம். காரைநகரில் எந்தச் சாமானை வாங்குவது என்று யோசிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த நேரத்தில் சுடவைக்கப் போகிறோம்? எந்தத் தண்ணீரைச் சுடவைக்கப் போகிறோம்? வீட்டு வயரிங் அதைத் தாங்குமா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் வாங்க வேண்டிய சாமான் எது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், எங்கள் தேவை எவ்வளவு சிறியது என்பதைப் பாருங்கள். லண்டனில் மாசி மாதத்துக் குழாய்த் தண்ணீர் பத்துப் பாகைக்கும் கீழே இருக்கும். வீட்டையும் சூடாக்க வேண்டும், நாலைந்து பேர் குளிக்கவும் வேண்டும். அதனால்தான் அங்கே இவ்வளவு பெரிய இயந்திரம் தேவைப்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காஸ் பொயிலரைக் கழற்றி ஹீற் பம்ப் பூட்டுவோருக்கு அரசாங்கம் 7,500 பவுண் கொடுத்து உதவுகிறது. காரைநகரில் வாடைக் காற்று வீசும் மார்கழியிலும் விடியற்புறம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கிணற்றுத் தண்ணீர் வருடம் முழுவதும் ஏறத்தாழ 27 பாகையில் இருக்கிறது. வயது போனவருக்கு இதமாக வார்க்க 40 பாகை போதும். ஏற்ற வேண்டியது வெறும் பதின்மூன்று பாகை.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற ஏறத்தாழ 1.16 வாற்-மணி மின்சாரம் வேண்டும். 22 லீற்றர் கொள்ளும் ஒரு பெரிய வாளியை 27இலிருந்து 40க்குக் கொண்டுவர ஓர் அலகில் மூன்றில் ஒரு பங்கு போதும். அம்மா நாள்தோறும் சுடுதண்ணீரில் தோய்ந்தாலும் மாதம் பத்து அலகு அளவில்தான் செலவாகும்.

காஸோடு ஒப்பிட ஒரு வழி சொல்கிறேன். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 160 கிலோவாற்-மணிக்குச் சமமான சூடு இருக்கிறது. ஆனால் திறந்த அடுப்பில் பானை வைத்தால் அதில் பாதியளவுதான் தண்ணீருக்குள் போகும். மீதி பானையைச் சுற்றிக் காற்றோடு போய்விடும். ஆகவே சிலிண்டரின் இன்றைய விலையை 80ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் தொகையை அம்மாவின் மின்சார பில்லில் கடைசியாக வரும் அலகின் விலையோடு ஒப்பிடுங்கள். பில்லில் அலகு கூடக் கூட விலையும் ஏறும் என்பதையும், மாதத்தில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை மாறும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஓர் ஆள் சிக்கனமாக இருக்கும் வீட்டில் மின்சாரம்தான் மலிவாக வரும். குளிரூட்டியும் பெரிய மோட்டரும் ஓடும் வீட்டில் கணக்கு மாறக்கூடும்.

இனி மச்சான் சொல்லும் காஸ் ஹீற்றரைப் பற்றி. அவர் அம்மாமேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார் என்பது தெரிகிறது. இருந்தும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரை அந்த நேரத்திலேயே சுடவைக்கும் காஸ் ஹீற்றர், குசினி அடுப்பின் ஒரு பர்னரைப்போல நாலைந்து மடங்கு வேகத்தில் எரிகிறது. அதற்கு நிறையக் காற்று வேண்டும். எங்கள் குளியலறைகளோ சின்னவை. வாடைக் காலத்தில் யன்னலையும் பூட்டிவிட்டுத்தான் குளிப்போம். காற்றுப் போதாமல் எரியும்போது காபன் மொனொக்சைட் உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் கதவைத் திறக்கும் பலம் போய்விடும். இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் குளியலறைக் காஸ் ஹீற்றரால் உயிர்கள் போகின்றன. தனியே இருக்கும் ஒரு தாயின் வீட்டில், கதவு பூட்டிய அறைக்குள், இந்த ஆபத்தைக் கொண்டுபோய் வைக்கக்கூடாது. சிலிண்டரும் ஹீற்றரும் சுவருக்கு வெளியே, திறந்த வெளியில் இருந்தால் ஆபத்துக் குறையும். ஆனால் உப்புக் காற்றில் அவற்றின் இணைப்புகள் எத்தனை காலம் பழுதில்லாமல் இருக்கும் என்ற கேள்வி அப்போதும் நிற்கிறது.

காஸ் எங்கள் கைக்கு வரும் பாதையையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் லண்டன் வீட்டுக்கு அது நிலத்தடிக் குழாயில் வந்தது. இங்கே கடல் கடந்து கெரவலப்பிட்டியிலோ அம்பாந்தோட்டையிலோ இறங்கி, சிலிண்டரில் அடைபட்டு, லொறியில் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வந்து, பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகரின் வலந்தலைச் சந்திக்கு வருகிறது. அந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசியில் இருக்கும் நாங்கள்தான் முதலில் தவிப்போம். 2021 ஒக்ரோபர் தொடக்கத்தில் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிற்றோ சிலிண்டர் அடுத்த ஏப்ரலில் 4,860 ரூபா. ஆறேழு மாதத்தில் மூன்று மடங்குக்கு மேல். அந்த இடைவெளியில்தான், 2021 இறுதியில், நாடெங்கும் காஸ் அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்தன. விசாரிக்கக் குழு அமைக்கப்பட்டது. சிலிண்டருக்குள் புரோப்பேனின் பங்கு கூடியதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2022இல் விலை கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் காஸ் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுக் காத்திருந்த காலத்தை ஊரில் யாரும் மறக்கவில்லை. காஸைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கிற தண்ணீருக்கு அதில் தங்கியிருக்க வேண்டியதில்லை.

'அப்படியென்றால் கரண்டை மட்டும் நம்பலாமா' என்று அம்மா கேட்பார். அவர் கேட்பது நியாயம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறை அவருடையது. போர் முடிந்தும் நாலு வருடம் கழித்து, 2013இல்தான், கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர்மின்னழுத்தக் கம்பி வந்து குடாநாடு நாட்டின் மின்வலையோடு மறுபடி சேர்ந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டது. இதையெல்லாம் கண்டவர்கள் மின்சாரத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் என்ன பிழை?

ஆனால் அந்தப் பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை உற்றுப் பார்த்தால் அதற்குள் வேறொரு செய்தி இருக்கிறது. நல்ல வெயில், கூரைகளில் இருந்த சோலர் தகடுகள் மும்முரமாக மின்சாரம் தந்துகொண்டிருந்தன. விடுமுறை என்பதால் தேவை குறைவு. வழங்கலில் சோலர் பெரும்பங்கு பிடித்திருந்த வேளையில் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பலம் வலையில் குறைவாக இருந்தது. அதே வருடம் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்கு, ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் மூன்று மணிவரை சோலர் தகடுகளை நிறுத்திவைக்கும்படி வீட்டுக்காரரிடம் கேட்கப்பட்டது. வெயில் கொடுத்ததை வாங்கி வைக்க ஆளில்லை. அதற்கு மூன்று வருடத்துக்கு முன் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்த நாடு இது. இப்போது மத்தியானத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது. பின்னேரம் ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில், வெளிச்சமும் தொலைக்காட்சியும் சமையலும் ஒன்றாகச் சேரும் நேரத்தில், அதே நாடு எண்ணெயும் நிலக்கரியும் எரித்துத் தவிக்கிறது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். தண்ணீரை மத்தியானத்தில் சுடவையுங்கள். வெளிச்சத்தை மத்தியானம் எடுத்து இரவுக்கு வைக்க விலைகூடிய பற்றரி வேண்டும். சூட்டை எடுத்து வைக்க, நல்ல உறை போட்ட ஒரு தண்ணீர்த் தாங்கி போதும். 50 லீற்றர்த் தாங்கி ஒன்றை 27 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுவர இரண்டு அலகு அளவில் வேண்டும். இரவில் பத்துப் பாகை இறங்கினாலும் விடியப்புறம் 50 பாகையில் நிற்கும். குளிர்ந்த தண்ணீர் கலந்தால் நாலு வாளிக்குக் குறையாமல் இதமான தண்ணீர் கிடைக்கும். திருவெம்பாவைக் காலத்தில் இருள் பிரியுமுன் தோய்ந்துவிட்டு ஈழத்துச் சிதம்பரம் கோவிலுக்குப் போக நினைக்கும் அம்மாவுக்கு, முதல்நாள் மத்தியான வெயில் காத்திருந்து உதவும்.

இது புதுமையான யோசனை ஒன்றும் இல்லை. தென் அவுஸ்திரேலியாவில் வீட்டுச் சுடுதண்ணீர்த் தாங்கிகளை முன்பு நடு இரவில் சுடவைத்தார்கள். கூரைச் சோலர் பெருகிய பிறகு அந்த நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றி வருகிறார்கள். நோர்வேயில் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. அங்கே வீட்டுக்கு வீடு மின்சாரத் தாங்கிதான். 1960களின் இறுதியில் சீநோர் நிறுவனத்தின் மூலம் படகு கட்டவும் வலை பின்னவும் எங்கள் கரைக்கு வந்து துணைநின்ற அந்த நாட்டிடமிருந்து இதையும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீடுகளிலும் இதன் வேர் இருக்கிறது. அண்டாவில் தண்ணீர் நிறைத்து முற்றத்து வெயிலில் வைத்து, பின்னேரம் குழந்தைக்கு வார்த்த பாட்டிமார் மத்தியானச் சூட்டைச் சேமிக்கத் தெரிந்தவர்கள்தான்.

இரண்டாவது கேள்வி தண்ணீர். லண்டனில் இருப்பவர்களின் நினைவுக்கு வராத விஷயம் இது. இங்கே ஹீற்றர்களைக் கொல்வதும் இதுதான். குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கின்றன. மழைத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. சுடவைத்தால், கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைப் படிவாகப் பிரிந்து சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கேத்திலுக்குள் பாருங்கள், தெரியும். 60 பாகைக்கு மேல் போகப் போகப் படிவும் வேகமாகும். மின்கம்பியின்மேல் படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே தங்கி, கம்பி எரிந்துபோகும். காரைநகரில் இதோடு உப்பும் சேர்கிறது. நாலு பக்கமும் கடலும் களப்பும். கோடையில் கிணறு உவராகும் வளவுகள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். உவர்த் தண்ணீர் தாங்கியின் உலோகத்தைத் தின்னும்.

ஆகவே எதையும் வாங்குமுன் அம்மாவின் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். கடினத்தன்மையும் குளோரைட்டும் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். உவர் கூடிய வளவென்றால் பெரிய தாங்கியில் காசு போட வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மழையைக் கூரையிலிருந்து பிடித்து வைக்கும் வசதி இருந்தால், சுடவைக்க அந்தத் தண்ணீரே சிறந்தது. அதில் சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. தாங்கி வாங்குவதென்றால் உள்ளே மக்னீசியக் கோல் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். உப்பு முதலில் அந்தக் கோலைத்தான் அரிக்கும், தாங்கி தப்பும். ஆனால் கோல் கரைந்து முடிவதற்குள் மாற்ற வேண்டும், எங்கள் தண்ணீரில் அது சீக்கிரமே கரையும். அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு சுண்ணாம்பால் இறுகாமல் இருக்கிறதா என்று சோதிப்பதும் தவறாமல் நடக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி வயரிங். தயவுசெய்து இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஈரமான உடம்பு, ஈரமான நிலம், மின்சாரம் மூன்றும் ஒரே அறைக்குள் சேரும் இடம் குளியலறை. இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் வளவிலேயே எர்த் கம்பி இறக்கப்படுகிறது. காரைநகரின் மணலும் கல்லும் சோளகக் காலத்தில் காய்ந்து வறண்டுவிடும். காய்ந்த நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது. அதன்மேல் உப்புக் காற்று இணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஆகவே எர்த்தை அளக்க வேண்டிய காலம் மழைக்காலம் அன்று, ஆவணியும் புரட்டாதியும்தான். 30 மில்லியம்பியரில் விழும் ட்ரிப் சுவிற்ச் இருக்கிறதா, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உண்மையிலேயே விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹீற்றருக்கு மெயின் பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் தனி பிரேக்கரும் வேண்டும். பழைய பிளக்கில் சொருகி வேலை பார்க்க விடவேண்டாம்.

லண்டனில் கழற்றிய மின்சார ஷவரை ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். அங்கே 8.5, 9.5 கிலோவாற் ஷவர் சாதாரணம். இங்கே பெரும்பாலான வீடுகளின் 30 அம்பியர் இணைப்பால் முழு வீட்டுக்குமே ஏழு கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவாகத்தான் எடுக்க முடியும். அந்த ஷவரைப் போட்டால் வீடே இருளும். எங்கள் தண்ணீருக்கு 3.5 கிலோவாற் ஹீற்றரே நிமிடத்துக்கு நாலு லீற்றர் அளவில் 40 பாகைத் தண்ணீர் கொடுத்துவிடும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அம்மாவின் வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று பார்ப்போம்.

அம்மா மட்டும் இருக்கிறார், நாளுக்கு ஒரு வாளி போதும், கிணறு கொஞ்சம் உவர் என்றால், தானாக நிற்கும் நல்ல மின்சாரக் கேத்தில் ஒன்றே போதும். இரண்டு லீற்றர்க் கேத்திலில் இரண்டு முறை கொதிக்கவைத்து 18 லீற்றர் கிணற்றுத் தண்ணீரோடு கலந்தால் 40 பாகை வந்துவிடும். கனமான பானையைத் தூக்கும் வேலை இல்லை. கேத்திலைக் குளியலறைக்குள் கொண்டுபோகாமல், வாசலுக்கு வெளியே காய்ந்த இடத்தில் உயரமான மேசையில் வைக்க வேண்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் கொதிநீர். உள்ளே படியும் சுண்ணாம்பைத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டுக் கழுவினால் போகும். பழுதானால் கேத்திலை மாற்றுவது சின்னச் செலவு. ஆனால் வாளிக்குள் நேரே போடும் மின்கம்பியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது சூடு பார்க்கக் கை வைப்பவர் தப்புவது எர்த்தும் ட்ரிப் சுவிற்ச்சும் விட்ட வழி.

அம்மா வெயில் ஏறியபின் பதினொரு மணிக்குத் தோய்கிறவர், கிணறு நல்ல தண்ணீர், வயரிங்கும் சரி என்றால் 3.5 கிலோவாற் உடனடி ஹீற்றர் பொருந்தும். சேமித்து வைப்பதில்லை ஆகையால் சூடு வீணாவதும் இல்லை. அவர் தோயும் நேரமே சோலர் நேரமாக அமைந்துவிடுகிறது.

வீட்டில் நாலைந்து பேர் இருந்தால், அல்லது பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கும் மகளுக்கு நாள்தோறும் வேதுத் தண்ணீர் வார்க்க வேண்டியிருந்தால், 50 லீற்றர்த் தாங்கியும் நேரச் சுவிற்ச்சும் நல்லது. பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் மட்டும் ஓடும்படி வைத்துவிடுங்கள். நொச்சியும் பாவட்டையும் அவிக்க அடுப்பு எரியத்தான் வேண்டும். மற்ற வாளிகள் தாங்கியிலிருந்து வரும். தாங்கிக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகவே பல நாள் நிற்கக்கூடாது. லெஜியனெல்லா என்ற கிருமி அந்தச் சூட்டில்தான் பெருகும். 60 பாகை தொட்டால் அது சாகும். அதே 60 பாகைத் தண்ணீர் முதியவரின் தோலைச் சில விநாடியில் அவித்துவிடும் என்பதால் குழாயில் கலந்து வரும் அமைப்பு கட்டாயம்.

கூரையில் சோலர் மின்தகடு இருக்கும் வீட்டுக்கு இந்தத் தாங்கி இன்னும் பொருத்தம். தண்ணீரை நேரடியாக வெயிலில் சுடவைக்கும் கூரைக் குழாய்கள் நல்ல தண்ணீருக்கு அருமையானவை. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரை நேரே விட்டால் அவை அடைத்துக்கொள்ளும்; உள்ளே வேறு திரவம் ஓடித் தண்ணீருக்குச் சூட்டை மாற்றும் வகையாகப் பார்க்க வேண்டும். ஹீற் பம்ப் எங்கள் வெப்பத்தில் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகுச் சூடு தரக்கூடிய நல்ல இயந்திரம். ஆனால் உப்புக் காற்றில் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் பலன். விடுதிக்கும் மண்டபத்துக்கும் யோசிக்கலாம், ஒரு வாளித் தண்ணீருக்கு வேண்டாம். கோடை விடுமுறைக்கு மட்டும் பிள்ளைகளோடு வந்து திறக்கும் வீடுகளுக்கோ தாங்கியே வேண்டாம். பதினொரு மாதம் தேங்கிய உவர் தின்று முடித்த தாங்கிதான் உங்களை வரவேற்கும்.

கரண்ட் நிற்கும் நாளுக்கு முற்றத்து அடுப்பை இடிக்காமல் வையுங்கள். பனைமட்டையும் ஊமலும் தென்னம்பாளையும் வளவிலேயே கிடக்கின்றன. நாள்தோறும் புகை தின்ன வேண்டியதில்லை, அவசரத்துக்கு உதவும்.

எங்களுக்கு அக்கரையில் இருக்கும் தீவுகளையும் இந்த வேளையில் நினைக்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையோடு சேராதவை. டீசல் எந்திரத்தில் வாழ்ந்தவை. காஸும் டீசலும் படகேறித்தான் போக வேண்டும். அங்கே காற்று, வெயில், பற்றரி சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு 2022 பங்குனியில் இந்தியாவோடு உடன்பாடு ஆனது. 530 கிலோவாற் காற்றாலை, 1,700 கிலோவாற் சோலர், 2,400 கிலோவாற்-மணி பற்றரி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல் என்பது அதன் கணக்கு. பற்றரியின் அளவைப் பாருங்கள். மூன்று தீவுக்கும் அவ்வளவுதான். அங்கே இரவில் ஹீற்றர் போடுவது அயல்வீட்டு வெளிச்சத்தை எடுப்பதாகும். மத்தியானத்தில் போடுவது, இல்லாவிட்டால் வீணாகும் வெயிலைப் பிடித்து வைப்பதாகும். காரைநகரில் மின்வலையின் பெரிய அளவுக்குள் இந்த உண்மை மறைந்து கிடக்கிறது. சிறு தீவுகளில் அது வெளிச்சமாகவே தெரிகிறது.

தங்கச்சி, காசு அனுப்பும் ஒழுங்கையும் சொல்லி முடிக்கிறேன். முதல் காசு தகுதியுள்ள மின்னிணைப்பாளருக்கு, எர்த்தையும் ட்ரிப் சுவிற்ச்சையும் சரிபார்க்க. இரண்டாவது தண்ணீர்ப் பரிசோதனைக்கு. மூன்றாவதுதான் சாமானுக்கு. அம்மா எந்த நேரத்தில் தோய விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். அவருடைய உடம்புக்கு ஏற்ற நேரமும் வெயில் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

உங்களைப்போன்ற பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத முதியவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் பானை தூக்குகிறார்கள், அவர்கள் வீட்டு எர்த்தும் காய்ந்துதான் கிடக்கிறது. பாடசாலைக்கும் கோவிலுக்கும் மனமுவந்து கொடுக்கும் எங்கள் புலம்பெயர் சங்கங்கள், ஓர் ஆவணி மாதத்தில் தனித்திருக்கும் முதியவர் வீடுகளின் எர்த்தையும் ட்ரிப் சுவிற்ச்சையும் ஒன்றாகச் சோதித்துத் திருத்திக் கொடுக்க முன்வர வேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. அது நடந்த வீட்டில் கேத்திலோ தாங்கியோ எது வந்தாலும் பயமில்லாமல் வரும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை நீங்களே எழுந்து கேளுங்கள். உங்கள் அம்மாவுக்காகத் தொடங்கிய யோசனை களபூமி முழுவதற்கும் பயன்படட்டும்.

அன்புடன்,
காரைநகரிலிருந்து உங்கள் அண்ணன்